எட்டாவது இலை

என் மகன் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறான். ஆடு பங்கு போடுகிற குழு. அல்லிநகரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி இருப்பவர்கள்தான். முதலில் ஆட்டின் படம் வரும், பிறகு வரிசையாகக் கட்டைவிரல்கள் வரும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைப் பையில் கறி வரும். எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்தது, கிராம் பிசகாது. கடையைவிட மலிவும்மா, ஆட்டைக் கண்ணால பாத்து வாங்குனது என்று அவன் தானே கண்டுபிடித்ததைப்போலச் சொல்வான். நான் பையை வாங்கி, கழுவி, பிரித்து, பிரிட்ஜில் வைப்பேன். ஒன்று கேட்க வாய் வரும். கேட்டதில்லை. இன்றைக்கு யார் கூப்பிட்டார்கள் என்று.

தராசு இருக்கிற இடத்தில் கூப்பிட ஆள் வேண்டியதில்லை. எங்கள் தெருவில் தராசு இல்லை.

அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்தில் வாய்க்காலை ஒட்டிய தெரு அது. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் வயல். முக்கில் பெரியம்மா வீடு, அங்கிருந்து எண்ணினால் எட்டாவதாக, கடைசியாக எங்கள் வீடு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு வீடும் சேர்ந்து ஒரு கிடாய் வாங்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த தென்னந்தோப்பில் அறுத்து, உரித்து, எட்டு வாழையிலை விரித்துக் கூறு போடுவார்கள். கூறு போடுகிற கை என் சித்தப்பாவுடையது. தொடைக்கறி ஒரு சுற்று, நெஞ்செலும்பு ஒரு சுற்று, ஈரல் ஒரு சுற்று, கொழுப்பு, குடல் என்று ஒவ்வோர் இலையிலும் வைத்துக்கொண்டே போவார். கால் நாலுதான், ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி எட்டாக்குவார். எவ்வளவு பார்த்து வைத்தாலும் ஏதோ ஒரு கூறு மற்றதைவிடக் கொஞ்சம் லட்சணமாக அமைந்துவிடும். அந்த லட்சணத்துக்காகத்தான் சண்டை வரும்.

சண்டை வராமல் இருக்க ஒரு பிள்ளை வேண்டும். பிள்ளை கூறுகளுக்கு முதுகைக் காட்டி வயலைப் பார்த்து நிற்கும். சித்தப்பா குச்சியால் ஓர் இலையைத் தொட்டு, இது யாருக்கு என்பார். பிள்ளை வாயில் வருகிற வீட்டைச் சொல்லும். சொன்னது சொன்னதுதான், மாற்றக் கூடாது. பார்க்காத பிள்ளை வாயில் வருவது சாமி வாயில் வருவது என்று தெருவில் ஒரு சட்டம். எல்லாப் பெயரையும் சொல்லி முடிக்கிறவரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். கூப்பிட்ட கூலி, தணலில் சுட்ட ஈரல் ஒரு துண்டு.

வெகுநாள் அந்தக் கூலியை வாங்கித் தின்றவன் என் அத்தை மகன். என்னைவிடக் கொஞ்சம் பெரியவன். வீடுகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போடுவான். கடைசி வீடு, ரெண்டாவது வீடு, நாய் வீடு, மிஷின் வீடு என்று குதித்துக் குதித்துச் சொல்வான். அதுதான் கூப்பிடுவதன் அழகு என்பார்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஒரு கூறு ஒரு மாதம் ஓடும். அம்மா ஓட்டுவாள். கெடுகிறது முதலில், கெடாதது கடைசியில், அவ்வளவுதான் அவளுடைய சாஸ்திரம். ஞாயிறு காலை ரத்தப் பொரியல், மதியம் குடல் குழம்பு. திங்கள்கிழமை எலும்பும் முருங்கைக்காயும், குழம்பில் எலும்பைவிடக் காய் அதிகம், காயில் எலும்பின் ருசி. கொழுப்பை உருக்கி ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைப்பாள். வாய்க்கால் ஓரம் பறித்து வந்த கீரையை அதில் தாளித்தால், கீரைக்கு மாட்டேன் என்று சொன்ன வாய் தட்டை நக்கும். நல்ல கறியை மட்டும் அன்றைக்குத் தொடவே விடமாட்டாள். வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கோணி ஊசியால் சணலில் கோத்து, மொட்டை மாடிக் கொடியில் கட்டித் தொங்கவிடுவாள். உப்புக்கண்டம். காக்கா விரட்டுவது என் வேலை. மூன்று வெயில் பார்த்த கண்டம் கரியாக இறுகிப் பானைக்குள் போய்விடும். பிறகு மழை நாளிலோ, கையில் எதுவும் இல்லாத நாளிலோ, இரண்டு துண்டு எண்ணெயில் பொரிந்து கஞ்சிக்கு வரும். விரலளவு துண்டு. அதைக் கடித்து இழுத்துக் கஞ்சி முழுவதையும் குடித்துவிடலாம். நாங்கள் நன்றாகத்தான் தின்றோம். சிக்கனம் என்ற சொல்லை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை.

அப்பாவின் அக்காதான் என் அத்தை. முக்கிலிருந்து ஐந்தாவது வீடு. அத்தை வீட்டு மாமா ஜீப் ஓட்டினார். விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலை மெட்டு ஏறிக் கேரளாவுக்குப் போவார், பொழுது சாய இறங்கி வருவார். ஐப்பசி மழையில் ஒரு வளைவில் ஜீப் வழுக்கி மரத்தில் சாய்ந்து நின்றது. ஏறியிருந்தவர்களுக்குச் சிராய்ப்புகூட இல்லை. மாமாவுக்கு மட்டும் இடுப்பில் அடி. படுத்துவிட்டார். ஜீப்பை முதலாளி வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அத்தை வீட்டு வாசலில் ஜீப் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது, மழையிலும் போகாமல்.

அடுத்த பங்குக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்த சித்தப்பாவிடம் அத்தை வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"கார்த்திகை பொறந்துருச்சுல்ல. அவுக எந்திரிச்சு நடக்கணும்னு ஐயப்பனுக்கு நேந்துருக்கேன். எங்க வீட்ல கறி ஆகாது."

நியாயம்தான். அந்த மாதம் தோப்பில் ஏழு இலை விரித்தார்கள். கூப்பிடும் வேலை முக்கு வீட்டுப் பெரியம்மா மகளுக்குப் போனது. கார்த்திகை போய், மார்கழி போய், தை வந்தது. அத்தை பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். ஏழு இலை. மாசி வந்தது. வீரபாண்டி ஆத்தாளுக்குச் சித்திரையில் தீச்சட்டி எடுக்கிறவரை வீட்டில் கவுச்சி கிடையாது என்றாள். ஏழு இலை.

அத்தைக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நான் நினைத்தேன். முக்கு வீட்டுப் பெரியம்மா நினைத்ததை வாய்விட்டே சொல்லுவாள். தெருவில் யார் வீட்டு அடுப்பு எத்தனை மணிக்குப் புகைந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

"இருக்குற சாமி எல்லாத்துக்கும் ஒரு சுத்து வந்துட்டா. இனி அடுத்த ஊரு சாமியத்தான் கடன் வாங்கணும்."

இது அத்தை காதில் விழுந்தது. வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. துணியை மட்டும் இன்னும் இரண்டு தரம் ஓங்கி அடித்தாள்.

எலும்பு வைத்தியர் மாமாவுக்கு ஆட்டுக்கால் சூப்பு கொடுக்கச் சொல்லியிருந்தார். அம்மா அதைச் சொல்லிப் பார்த்தாள். முருங்கக்கீர சூப்பு குடிக்கிறாக, அது போதும், சாமி குத்தம் ஆயிரும் என்றாள் அத்தை. அம்மா ஒருநாள் தூக்குவாளியில் குழம்பை ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்பினாள். மூடி திறக்காமலே திரும்பி வந்தது. மூடிமேல் ஒரு கை சுண்டைக்காய் இருந்தது. பொங்கலுக்குச் சேலை, கரும்பு, அரிசி என்று அப்பா கொண்டுபோய் வைத்தால் வாங்கிக்கொள்வாள். பிறந்த வீட்டுச் சீர், அது முறை. ஞாயிற்றுக்கிழமைக் கறி எந்த முறையிலும் சேராது. தம்பிமார் இரண்டு பேரையும் இடுப்பில் வைத்து வளர்த்தவள், அவர்களிடம் கறிக்குக் கை நீட்டினாள் என்று ஒரு பேச்சு முக்கு வீட்டில் ஆரம்பித்து உத்தமபாளையம் சந்தைவரை போவதைவிட, அவளுக்கு ஐயப்பனும் முருகனும் தேவலை.

அத்தை மகன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து நிற்பான்.

"கையக் காட்டு."

காட்டுவேன். விரல்களை மூக்கருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பான்.

"விரதத்துல மோந்து பாக்கலாமாடா?"

"மோந்து பாத்தா சாமிக்குத் தெரியாது."

பங்குனியில் ஒரு ஞாயிறு. அம்மா எனக்குத் தலை வாரினாள், வழக்கத்தைவிட இறுக்கமாக.

"இன்னைக்கு நீ கூப்பிடு. முக்கு வீட்டுப் பிள்ளைக்குக் காச்சலாம்."

"பேரு மறந்துட்டா?"

"ஏன் மறக்குற? கண்ண மூடிக்க. முக்குல இருந்து நம்ம வீடு வரைக்கும் மனசுல நடந்து வா. எந்த வீடு வருதோ அதச் சொல்லு. ஓடாத. ஒவ்வொரு வாசலா நின்னு நின்னு வா."

"கலச்சுல்ல சொல்லணும்?"

"மொதத் தடவதான, வரிசையாவே சொல்லு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக."

தோப்பில் எல்லோரும் இருந்தார்கள். காய்ச்சல்காரி தென்னங்குரும்பையை உதைத்துக்கொண்டிருந்தாள். அத்தை மகன் ஆட்டுக்குக் குழை ஒடிக்க வந்தவன்போல் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றான், கையில் குழை இல்லை. அறுத்து உரிக்கிறவரை என்னை வாய்க்கால் கரையில் உட்காரச் சொன்னார்கள். கூப்பிட்டதும் போய் நின்றேன். அம்மா என் தோளைப் பிடித்து வயல் பக்கம் திருப்பினாள். நெல் கதிர் வாங்கியிருந்தது. ஒரு கொக்கு.

"இது யாருக்கு?" என்றார் சித்தப்பா, முதுகுக்குப் பின்னால்.

கண்ணை மூடினேன். தெரு வந்தது. முக்கில் பெரியம்மா வீடு, வாசலில் உரல். "பெரியம்மா வீடு."

"இது?"

தையல் மிஷின் சத்தம். "மிஷின் வீடு."

"இது?"

நாய் குரைத்தது, மனதுக்குள். "நாய் வீடு." அடுத்தது பச்சைக் கதவு. "பச்சக் கதவு வீடு."

"இது யாருக்கு?"

நான் நடந்தேன். மண்ணில் எண்ணெய்க் கறை, பக்கத்தில் செம்பருத்தி, வாசல்படியில் அத்தை அரிசி புடைக்கிறாள். அந்த வாசலை எப்படித் தாண்டுவது? ஒருநாளும் நான் அதைத் தாண்டிப் போனதில்லை, நின்று எதையாவது வாங்கித் தின்றுவிட்டுத்தான் போவேன்.

"அத்தை வீடு."

சொன்ன பிறகுதான் அத்தை பங்கில் இல்லாதது நினைவு வந்தது.

அம்மாதான் முதலில் பேசினாள். "ஏண்டி கூறு கெட்டவளே, அத்த வீட்ல விரதம்னு ஒனக்குத் தெரியாது?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பக் கூடாது என்பதால் கொக்கைப் பார்த்து அழுதேன். அம்மா இத்தனை பேர் நடுவில் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை.

"மாத்திச் சொல்லச் சொல்லுவமா?" இது மிஷின் வீட்டு அண்ணன் குரல்.

"மாத்துறதா, எந்த ஊரு வழக்கம்டா அது?" முக்கு வீட்டுப் பெரியம்மா. அவள் வாய் திறந்தால் ஒரு வாரத்துக்கு மூடாது. ஆனால் அவள் சொன்னது இது: "பாக்காத புள்ள வாயில வந்துருக்கு. வீரபாண்டி ஆத்தா போதும்ங்குறா. ஆத்தாளே விட்டதுக்கப்புறம் இவளுக்கு என்ன விரதம்? ஏலே, போயி ஒங்க ஆத்தாளக் கூட்டிட்டு வாடா."

அத்தை மகன் ஓடுகிற சத்தம் கேட்டது. வாய்க்கால்மேல் போட்டிருந்த பலகை டடக் என்றது.

அத்தை வந்தாள். வந்ததை நான் பார்க்கவில்லை, பலகை மறுபடி டடக் என்றதில் தெரிந்தது.

"நான் பங்கு கட்டலையே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"தோல வித்தா அதுல ஒரு பங்கு கழிஞ்சிரும்க்கா," என்றார் சித்தப்பா. "சும்மா போறதுதான் அது. கூப்பிட்ட கூற நான் எங்கிட்டு வைக்க? என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா, கூறு போட்டவன் ரெண்டு கூறு எடுத்துக்கிட்டான்னு எம் பொண்டாட்டியே மொதல்ல சொல்லுவா."

யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. காலடி என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. எனக்கும் வயலுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்தாள். ஈரக் கை. முகத்துக்கு நேராக முகம்.

"நீயாடி கூப்பிட்ட?"

தலையாட்டினேன்.

"என்னயக் கூப்பிடச் சொல்லி யாரும் சொன்னாகளா? அம்மாவா? சித்தப்பாவா?"

"இல்லத்த. நம்ம தெருவுல நடந்து வந்தேன். ஒங்க வீடு வந்துச்சு."

"எந்தத் தெருவுல?"

"மனசுல."

அவள் என் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரியவர்கள் பொய்யை அங்கேதான் தேடுவார்கள். நான் பொய் சொல்லவில்லை. என்னிடம் தேடி எடுக்க ஒன்றுமே இல்லை. பிறகு அவள் என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தாள். அம்மாவை, சித்தப்பாவை, பெரியம்மாவை, மற்றவர்களை. மெதுவாக, ஒருவர் ஒருவராக. அவர்கள் முகத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. நான் முதுகு காட்டி நின்றிருந்தேன்.

"ஆத்தா சொன்னா சரிதான்," என்றாள் அத்தை.

முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்தாள். இலையை மடக்குகிற சத்தம் கேட்டது. "இன்னும் இருக்குல்ல, நின்னுட்ட? கூப்பிடு," என்று போகிற போக்கில் அதட்டினாள். மிச்ச வீடுகளைக் கூப்பிட்டு முடித்தேன். ஈரல் துண்டு கொடுத்தார்கள், சுடச்சுட, உப்பு தூவி. பாதியைக் கடித்து மறு பாதியை இலைக் கிழிசலில் மடித்து வைத்திருந்தேன், அத்தை மகனுக்கு. அவன் வரவில்லை.

சாயங்காலம் வந்தான். இந்தத் தடவை கையைக் காட்டு என்று கேட்கவில்லை. தன் கையை நீட்டினான்.

"மோந்து பாரு."

மிளகும் சீரகமும் எலும்பும். பெருமையில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "எங்க எலையில நாலு காலும் விழுந்துருக்குடி. நாலும். வெட்டாத முழுக் காலு."

நாலு காலும் எப்படி ஒரே இலையில் விழும் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பார்த்தோம். வீரபாண்டி ஆத்தா நினைத்தால் எதுவும் நடக்கும் என்று முடிவானது. அவள் என் வாயில் வந்து போனவள் என்பதால் நான் கொஞ்சம் அடக்கத்தோடு நின்றேன்.

மறுநாள் மொட்டை மாடியில் காக்கா விரட்டப் போனால், கொடியில் கண்டச் சரம் பாதிக்கு மேல் வெறும் சணலாகத் தொங்கியது. அம்மாவிடம் வந்து சொன்னேன்.

"ஆடு எளைப்புடி," என்றாள் அம்மா. "இந்த மாசம் கீரைய நல்லாத் தின்னு."

தின்றோம். அடுத்த பங்கன்று, யாரும் கூப்பிடாமலே அத்தை வாளியோடு தோப்புக்கு வந்துவிட்டாள். அத்தனை வீட்டுக் குடலையும் வாரி எடுத்துப் போய் வாய்க்காலில் புரட்டிப் புரட்டிக் கழுவினாள். தெருவில் ஒருத்தியும் விரும்பிச் செய்யாத வேலை அது. கழுவி முடித்துக் கையை உதறிக்கொண்டு வந்து, "என் எலையும் விரிச்சாச்சா?" என்றாள் சித்தப்பாவிடம். குரலில் பழைய அதட்டல் இருந்தது. ஆடிக்குமேல் மாமா வேறு ஒரு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். இறங்கி வரும்போது கொஞ்சம் சாய்ந்து நடப்பார், அவ்வளவுதான். எண்ணெய்க் கறைக்கு மேல் மறுபடி ஜீப் நின்றது. குடல் கழுவுவதை மட்டும் அத்தை விடவில்லை. ஒங்களுக்கெல்லாம் கழுவத் தெரியாது, நாறும் என்பாள்.

எனக்கோ அந்த ஞாயிறு வேறு விதமாக நிலைத்துவிட்டது. என் வாயில் ஒருமுறை சாமி வந்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். பரீட்சைத் தாளில் விடை தெரியாத கேள்விக்குக் கண்ணை மூடி முதுகை நிமிர்த்திக் காத்திருப்பேன். வராது. ஆத்தாளுக்குக் கணக்குப் பாடம் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குப் பிடிக்கும். வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். அதனால் இப்போதும் மகன் கொண்டுவந்த வெள்ளைப் பையைப் பிரிக்கிறபோது, அன்று கடைசிப் பெயராக எங்கள் வீட்டைச் சொல்லிவிட்டுத் திரும்பிய அந்த நொடிதான் கண்ணில் நிற்கிறது. பங்கு கட்டியிருந்தது ஏழு வீடு. ஏழு வீட்டு ஆட்டுக்கு, நான் வாயைத் திறக்கும் முன்பே எட்டு இலை விரிந்து கூறு ஏறிக் காத்திருந்திருக்கிறது. திரும்பியதும் நான் எண்ணிப் பார்த்தேன், கூப்பிட்டவள் எண்ண வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தரையில் ஏழு இலை, அத்தை எடுத்துப்போன இடத்தில் ஒரு ஈரத் தடம். நான் சொன்ன பெயர்களையும் எண்ணினேன். எட்டு. அதுவும் இதுவும் சரியாக இருந்தன. கணக்குச் சரியாக இருந்ததால் நான் எதையும் கேட்கவில்லை.